ஆகாயத்தில் இருபத்திரண்டு ஒப்பட்டு

முதல் வட்டம் தெரிந்தபோது என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

மை உருளையைக் கல்லின் மேல் இன்னொரு முறை ஓட்டினேன். இரண்டாவது வட்டம் வந்தது. அதை ஒட்டியே மூன்றாவது. ஒன்பது நாள் குனிந்து உட்கார்ந்து பெங்களூரில் எங்கள் ஜோகுபாளையத்து மொட்டை மாடிகளை வரைந்திருந்தேன். அவற்றுக்கு மேலே பாதிக் கல்லை ஆகாயத்துக்கென்று ஒதுக்கி, ஒரு புள்ளிகூட வைக்காமல் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருந்தேன். அந்த ஆகாயத்தில் சாஸர் அளவுக்கு, சாம்பல் நிறத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக வட்டங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஏப்ரல் மாதம். எதிரே ஸ்பாஞ்சும் கையுமாக நின்றுகொண்டிருந்த என் கணவர் மூர்த்தி எட்டிப் பார்த்தார்.

"வசந்தி, இது டிசைனா?"

உருளையைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். வந்ததில் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை.

கரும்பு எந்தப் பக்கம் போகும்?

அந்தக் கல்லும் உருளையும் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தன என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் அன்றைக்கு அவ்வளவு கத்தினேன் என்பது உங்களுக்குப் புரியாது.

போன வாரம் வரை இந்தத் தொடரில் நான் எண்ணெய் வண்ண ஓவியம் வரைந்த காலத்தைப் பற்றித்தான் எழுதிவந்தேன். கித்தானில் வரைவதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முடிந்த படத்தை விடமாட்டேன். திரும்பத் திரும்பத் தொட்டு, நன்றாக வந்ததையும் சேறாக்கிவிடுவேன். பெங்களூரில் நடந்த ஓர் அச்சோவியப் பட்டறைக்கு ஒருநாள் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அங்கே ஒரு பெண் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மை தடவித் துடைத்து, நனைத்த காகிதத்தை அதன் மேல் வைத்து உருளைக்குள் விட்டாள். மறுபக்கம் வந்த காகிதத்தை ஓர் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்தாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது. இனிமேல் தொட முடியாது. எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.

எனக்கும் அப்படி ஒரு அழுத்துப் பொறி வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தேன். மூர்த்திக்கு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே பக்கத்து ஷெட்டில் லேத் வைத்திருந்த ஒருவரிடம் படம் போட்டுக் காட்டி, இரண்டு உருளை, நடுவே ஒரு பலகை, பக்கத்தில் சுற்றுவதற்கு ஒரு சக்கரம் என்று விளக்கினோம். அவர் தலையை ஆட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "எல்லாம் சரி மேடம். கரும்பு எந்தப் பக்கமா உள்ள போகும்?" என்றார்.

அந்தப் பொறியில் நான்கைந்து வருடம் அதேபோலச் செப்புத் தகட்டில் எட்சிங் செய்தேன். பிறகு கல்லச்சுப் பைத்தியம் பிடித்தது. அதற்கு வேறு பொறி, வேறு உருளை. எல்லாவற்றுக்கும் மேலாக, கல் வேண்டும். அதுவும் கிடைத்த கல்லெல்லாம் ஆகாது. ஜெர்மனியிலிருந்து எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த, வெண்ணெய் நிறத்துச் சுண்ணாம்புக் கல். காட்டன்பேட்டையில் ஊதுபத்தி லேபிள் அச்சடித்துக்கொண்டிருந்த ஓர் அச்சகத்தின் கொல்லையில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. ஓடினேன். இரண்டு அடிக்கு ஒன்றரை அடி, நாலு விரல் தடிமன். ஆட்டோவில் ஏற்றியபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நீலசந்திராவைச் சேர்ந்த ஓட்டுநர் வழியெல்லாம் புலம்பினார். "க்யா மேடம் இது, சவாரி நீங்க ஒருத்தர்தானே சொன்னீங்க. இது மூணு ஆளு இருக்கும் போலயே!"

எண்ணெயும் தண்ணீரும்

கல்லச்சின் ரகசியம் சமையலறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. கொழுப்புக் கலந்த கறுப்புச் சுண்ணக்கட்டியால் கல்லில் வரைய வேண்டும். வேலம்பிசினில் சில சொட்டு அமிலம் விட்டுக் கல் முழுக்கத் தடவ வேண்டும். பிறகு டர்பென்டைன் ஊற்றித் துடைத்தால், வரைந்தது அத்தனையும் கண்ணெதிரே அழிந்துபோகும்.

முதல்முறை பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் நெஞ்சில் கை வைப்பார்கள். பயப்பட வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கொழுப்பு கல்லுக்குள் இறங்கியிருக்கும். கல்லை ஈரமாக்கி, மை உருளையை ஓட்டினால், கொழுப்பு இருக்கிற இடமெல்லாம் மையைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் இருக்கிற இடமெல்லாம் மையைத் தள்ளிவிடும். போன படம் திரும்பி வரும்.

இதில் ஒரே சங்கடம், கல்லுக்கு வித்தியாசம் தெரியாது. கொழுப்பு சுண்ணக்கட்டியிலிருந்து வந்ததா, நீங்கள் தலையைச் சொறிந்துவிட்டு வைத்த விரலிலிருந்து வந்ததா என்று அது விசாரிக்காது. எதுவானாலும் படமாக்கிக் காட்டிவிடும்.

அதனால்தான் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கல்லைத் தேய்க்க வேண்டும். மேலே இன்னொரு சின்னக் கல்லை வைத்து, நடுவில் தண்ணீரும் காரபொரண்டம் தூளும் விட்டு, எட்டுப் போடுவதுபோலச் சுற்றிச் சுற்றி மூன்று மணி நேரம். அந்தத் தடவை நான் யுகாதிக்கு முன்பே தேய்த்து, செய்தித்தாளைப் போட்டு மூடிவைத்துவிட்டு, தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக வாணியம்பாடி போனேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தேன். முறைப்படி இன்னொரு தடவை தேய்த்திருக்க வேண்டும். தோள் வலிக்குப் பயந்துகொண்டு தேய்க்காமலே வரைய உட்கார்ந்தேன். இந்தச் சோம்பல் என்னுடையது. அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

இரண்டாவது பத்தி

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. ராவ் சார் என்று ஒரு மூத்த ஓவியர். எட்டுப் பேரிடம் ஆளுக்கு ஓர் அச்சோவியம் வாங்கி, ஒரே பெட்டியில் போட்டு, இருபது பெட்டிகளாக வெளியிட ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொருவரும் ஒரே படத்தை இருபது பிரதி கொடுக்க வேண்டும். இருபதும் ஒன்றுபோல இருக்க வேண்டும். புதன்கிழமை மாலை கடைசி.

எட்டாவது ஆளாக என்னைச் சேர்ப்பதில் அவருக்குக் கொஞ்சம் தயக்கம். "பெயின்டர்ஸுக்கு ஒரே மாதிரி ரெண்டு தடவெ செய்யோகே வராதம்மா. மூணாவது காப்பிலயே கை அரிக்கும்" என்றார். என்னுடைய கெட்ட பழக்கத்தை யாரோ போட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் முதலில் ஒரு தாள் இருக்கும். அதில் இரண்டு பத்திகள். முதல் பத்தியில் வரைந்தவர் பெயர், இரண்டாவதில் அச்சிட்டவர் பெயர். வரைவது ஒருவர், அச்சடித்துத் தருவது கைதேர்ந்த இன்னொருவர் என்பது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க உள்ள வழக்கம். மற்ற ஏழு பேரில் நான்கு பேருக்குத்தான் இரண்டு பத்தியிலும் சொந்தப் பெயர். எனக்கும் அப்படி வர வேண்டும் என்று வெறியாக இருந்தது. முதல் பத்தியில் பெயர் வந்தால் ஓவியர். இரண்டாவதிலும் வந்தால்தான் அச்சோவியர். அதற்குப் பிறகு ஒருவரும் என்னைப் பார்த்து 'பெயின்டர்' என்று இழுக்க முடியாது.

இப்போது தெரிகிறதா, அந்த வட்டங்களைப் பார்த்து நான் ஏன் கத்தினேன் என்று?

"அது என் ஒப்பட்டு"

நான் போனில் அழுத அழுகையில் ராவ் சார் அன்று மத்தியானமே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கல்லின் மேல் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"எண்ணெய். சந்தேகமே இல்ல. உங்க மனெயில யாராவது இது மேல அடுகெ மாடிதாரா? சமையல், சமையல்!"

"சமையலா? கல்லு மேலயா? நம்ம வீட்டுலயா சார்?" என்று நான் சிரிக்காத குறையாகக் கேட்டேன்.

வாசல் பக்கம் காபி டம்ளர்கள் கிடுகிடுத்தன. தட்டோடு நின்றுகொண்டிருந்தார் என் மாமியார்.

சரோஜினி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் எங்களுக்குள் சண்டை என்று பெரிதாக ஒன்றும் வந்ததில்லை. கதவுப் பிடியில் மை, துண்டில் மை, வீடெல்லாம் டர்பென்டைன் வாடை என்று சில்லறைப் புகார்கள் மட்டும் இருந்தன. நான் சமையலறைப் பக்கம் தலைகாட்டினாலே "கை கழுவினியா?" என்பார். பின்கட்டுத் தகரக் கூரைக்கடியில் இருந்த என் பட்டறைக்குள் அவர் வந்ததே இல்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். கல்லைப் பார்த்தார். சுற்றிவளைக்கவில்லை.

"அது என் ஒப்பட்டு" என்றார்.

யுகாதிக்குத் தட்டுகிற போளிக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர்.

"யுகாதிக்கு மறுநாள் எக்ஸ்சேஞ்ச் கூட்டம் மொத்தமும் வரேன்னுட்டாங்க. சமையல் மேடைக்கு அப்பதான் டைல்ஸ் ஒட்டியிருந்தாங்க, ஈரமே காயல. இந்தக் கல்லு சும்னே கெடந்துது, மொழுமொழுன்னு. பேப்பர எடுத்துட்டு, எண்ணெய் விட்டு ஒண்ணு தட்டிப் பாத்தேன். எலை கூட வேணாம், அப்படியே உரிஞ்சி வந்துச்சு. என் ஆயுசுல அவ்வளவு மெலிசா வந்ததில்ல. மொத்தம் இருபத்திரெண்டு. அப்பறம் சோப்புத்தூள் போட்டு, வெந்நீர் ஊத்தி, நல்லா கழுவிட்டுத்தான் மூடி வெச்சேன்."

"வந்ததும் சொல்லியிருக்கலாமே அத்தை!"

"நீ வந்ததும் வராததுமா வரைய உக்காந்துட்ட. பாத்தா கல்லு சுத்தமாத்தான் இருந்துது. கழுவியாச்சு, அஷ்டே, அவ்ளோதான்னு இருந்துட்டேன். அது உள்ள வெச்சிக்கிட்டு இப்பிடிக் காட்டிக் கொடுக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்?"

மூர்த்தி ஸ்பாஞ்சால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோள் குலுங்கியதிலிருந்தே தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இருவரையும் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அதற்குள் ராவ் சார் கையைத் தட்டினார்.

"விடுங்க, விடுங்க! அழிக்கவே வேண்டாம். அப்படியே பிரிண்ட் மாடி, போட்டுடுங்க. ஆகாசம் பூரா சந்திரன்! எவ்வளவு சென்னாகிதே நோடி, எவ்வளவு அழகு! ப்ளான் பண்ணினாலும் இப்படி வராது."

பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. மழை வராத ஏப்ரல் மத்தியானத்தில் எங்கள் தெருவுக்கு மேலே ஒன்றுமே இல்லாத ஆகாயம் ஒன்று இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் தொண்டை வறளும். அதற்காகத்தான் அந்தப் படத்தையே வரைந்தேன். அதில் போய் இருபத்திரண்டு சந்திரனா? எல்லோரும் பாராட்டலாம். ஆனால் அந்தப் பாராட்டை நான் எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வேன்?

"அழிக்கிறேன் சார்" என்றேன்.

"புதன்கிழமைக்குள்ளயா? ஆகல்லம்மா. ஒவ்வொண்ணா தேய்க்கணும், அப்பறம் இருபது காப்பி எடுக்கணும். முடியலைன்னா பாக்ஸ் ஏழு பேரோடதான் போகும். அப்பறம் என்கிட்ட வருத்தப்படக் கூடாது."

அப்போது அத்தை குறுக்கே புகுந்தார். எக்ஸ்சேஞ்ச் குரல், கேட்டால் யாரும் லைனைத் துண்டிக்க மாட்டார்கள்.

"சார், ஒப்பட்டு நான் போட்டது. அவ படத்துல அதுக்கு என்னா வேலை? புதன்கெழம சாயங்காலம் உங்க கையில இருபது இருக்கும். இப்ப காபி ஆறுது, குடிங்க."

கை கழுவினீங்களா?

திங்கட்கிழமை காலை மூர்த்தி பீன்யாவுக்குக் கிளம்பிப் போனார். நான் பட்டறைக்கு வந்தபோது, அத்தை முன்னமே அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்து, முடியைத் துண்டால் இறுகக் கட்டியிருந்தார். ஒரு பொட்டு எண்ணெய்கூட உடம்பில் இருக்கக் கூடாதாம்.

"கை கழுவினீங்களா அத்தை?" என்றேன். ஒன்பது வருடக் கணக்கு. விட மனம் வரவில்லை.

"ரெண்டு தடவ" என்றார், முறைத்துக்கொண்டே.

வட்டங்களைச் சாணைக்கல்லின் சின்னத் துண்டுகளால் ஈரத்தோடு தேய்த்தேன். அவசரப்பட்டால் கல்லில் பள்ளம் விழும். மெதுவாகத் தேய்த்தால் புதன்கிழமை வந்துவிடும். ஒரு வட்டம் தேய்ந்ததும் அங்கே மட்டும் தூரிகையால் பிசினும் அமிலமும் தடவ வேண்டும், காய வேண்டும். அத்தை ஓர் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே இருந்தார். மாடிகளின் மேல் விழுந்திருந்த வட்டங்கள்தான் உயிரை வாங்கின. ஒரு தண்ணீர்த் தொட்டியின் பாதியை பிளேடு முனையால் சுரண்டி மீட்டேன்.

இடையிடையே அத்தை பேச்சுக் கொடுத்தார். இந்த மாடி யாருடையது, அந்தக் கொடியில் காயும் புடவை யாருடையது என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார். "மூணாவது வீட்டு டிவி ஏன்டனா கோணலா இருக்கும். நீ நேரா வரைஞ்சிட்ட" என்றார். ஒன்பது நாளும் நான் இல்லாத நேரத்தில் வந்து பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டறைக்குள் காலே வைக்காதவர் என்று நான் நினைத்திருந்த மனுஷி! வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கடைசி வட்டமும் போயிற்று.

சத்தம் மாறிடுச்சு

கல்லச்சுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கல்லை ஸ்பாஞ்சால் ஈரப்படுத்த, மற்றவர் உடனே மை ஓட்ட வேண்டும். ஈரம் கூடினால் படம் வெளுக்கும். குறைந்தால் வெற்றிடத்தில் மை ஏறி அழுக்காகும். ஒருமுறை ஏறினால் இறக்குவதற்குள் அரைநாள் போய்விடும். புதன்கிழமை ஸ்பாஞ்ச் அத்தையின் கையில்.

முதல் மூன்றும் வீண். ஒன்றில் அத்தை குளமாக்கிவிட்டார், இரண்டில் நான் மையை அப்பிவிட்டேன். நாலாவது சரியாக வந்தது. காகிதத்தை ஓரம் பிடித்து உரித்தபோது, மாடிகளுக்கு மேலே ஆகாயம் வெறுமையாக, சுத்தமாக, நான் நினைத்தபடியே இருந்தது. அத்தை மறுபடி ஸ்பாஞ்சைப் பிழிந்தார்.

பதினோராவது பிரதிக்கு மை ஓட்டிக்கொண்டிருந்தபோது, "நிறுத்து" என்றார்.

"என்ன அத்தை? பாதியில விட்டா கோடு விழும்."

"நிறுத்துன்றேன் இல்ல? சத்தம் மாறிடுச்சு."

எரிச்சலோடு உருளையைத் தூக்கினேன். குனிந்து வெளிச்சத்தில் பார்த்தேன். இடது மூலையில் உள்ளங்கை அளவுக்குக் கல் காயத் தொடங்கியிருந்தது. இன்னொரு முறை உருளை அங்கே போயிருந்தால், ஆகாயத்தில் ஒரு கறுப்புத் திட்டு ஏறியிருக்கும். அதோடு புதன்கிழமையும் முடிந்திருக்கும்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"லைன் கட்டாவறதுக்கு முன்னாடி ஒரு கரகரப்பு வரும். அந்த மாதிரி கேட்டுது" என்று சொல்லிக்கொண்டே அந்த மூலையை ஈரமாக்கினார்.

அதன் பிறகு நான் கல்லைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அத்தை முகத்தைப் பார்த்து மை ஓட்டினேன். நாலரை மணிக்கு இருபதாவது பிரதி கொடியில் தொங்கியது.

தாள்

அன்று மாலை ராவ் சார் வீட்டு மேஜையில் இருபதையும் பரப்பினேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தார்.

"சந்திரன் எல்லாம் எங்கேம்மா?"

"சாப்ட்டாச்சு சார்."

அவர் சிரித்துவிட்டு, "ஒண்ணு மாதிரியே இருக்கு எல்லாம்" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. பிறகு அந்தத் தாளை எடுத்தார். முதல் பத்தியில் என் பெயரை எழுதினார். பேனாவை இரண்டாவது பத்திக்குக் கொண்டுபோய், "இங்கயும் நீங்களேதானே?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சொன்னால் பொய்யும் இல்லை. உருளை ஓட்டியது நான், பொறியைச் சுற்றியது நான். ஆனால் பதினோராவது பிரதியில் "நிறுத்து" என்றது நான் இல்லை.

"ரெண்டு பேர் சார். சரோஜினின்னு எழுதுங்க. அப்பறம் என் பேரு."

"எடம் கம்மி."

"என் பேரைச் சின்னதா எழுதுங்க."

அச்சாகி வந்த தாளை ஒரு மாதம் கழித்து அத்தையிடம் கொடுத்தேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"எதுக்கு என் பேரு?"

"அச்சடிச்சவங்க பேரு போடறது வழக்கம் அத்தை."

"எக்ஸ்சேஞ்ச்ல நாங்க பேரு சொல்லக் கூடாது. நம்பர்தான். முப்பது வருஷம் எத்தனையோ ஆளுங்க கேட்டாங்க, சொன்னதில்ல" என்றார். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி முன்னால் போய் நின்றார்.

"வியாழக்கெழம எனக்கு ஆகாது, பஜனை இருக்கு. மத்த நாள்ல எப்ப வேணா வெச்சுக்க" என்றார்.

அவர் இருந்தவரை நான் ஒரு வியாழக்கிழமைகூட அச்சுக்கு உட்கார்ந்ததில்லை.